நாடியைத் தொட்டுப் பாருங்கள்

(பொன்விழா ஆண்டையொட்டிக் கிள்ளானில் நடைபெற்ற குடும்ப சுகாதார நாளில் ஆற்றிய உரை)





தலைவர் அறிமுகத்தில் சொன்னதுபோல் நான் டாக்டர் இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் மின்சாரச் சாமான் கடை வைத்திருக்கிறேன். பொலிதெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் டிப்ளோமா முடித்தவன். இருதயத்தைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன தகுதி என்று பின்வரிசையில் இருக்கும் என் சித்தப்பா நினைப்பது இங்கிருந்தே தெரிகிறது. ஆனால் இன்றைக்கு நான் பேசப்போகும் நோய் இருதயத்தின் வயரிங் நோய். அதனால்தான் துணிந்து வந்தேன்.

தண்ணீர்ப் பம்பு ஓடவில்லை என்று கடைக்குத் தூக்கி வருவார்கள். நாங்கள் மூன்றைப் பார்ப்போம். குழாய் அடைத்திருக்கிறதா, மோட்டார் தேய்ந்துவிட்டதா, வயரிங்கில் கோளாறா. இருதயத்துக்கும் இந்த மூன்றும்தான். குழாய் அடைப்பு நமக்கு நன்றாகத் தெரியும். யாருக்கு எத்தனை ஸ்டென்ட் வைத்தார்கள், யாருக்கு பைபாஸ் நடந்தது என்பதெல்லாம் நம் கல்யாண வீட்டுப் பந்தியில் பேசுகிற செய்தி. வயரிங்கைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

இருதயத்தின் வலது மேலறையில் சைனஸ் முனை என்று ஓர் இடம் இருக்கிறது. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை மின்துடிப்பு அங்கிருந்து கிளம்புகிறது. மேலறைகள் இரண்டும் சுருங்குகின்றன. பிறகு நடுவில் உள்ள இன்னொரு முனையில் அந்தத் துடிப்பு ஒரு நொடியின் சிறு பங்கு நேரம் தாமதித்துக் கீழறைகளுக்கு இறங்குகிறது. அந்தத் தாமதம் இருப்பதால்தான் மேலறை இரத்தத்தை இறக்கி முடித்த பிறகு கீழறை தள்ளுகிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை இது நடக்கிறது. நான் விற்கும் எந்த சுவிட்சும் இவ்வளவு தாங்காது.

இந்த ஒழுங்கு பல விதமாகக் கெடலாம். துடிப்பு மிகவும் மெதுவாகலாம். அப்படிப்பட்டவர்களுக்கு பேஸ்மேக்கர் பொருத்துகிறார்கள், அவர்கள் நன்றாகவே வாழ்கிறார்கள். திடீரென்று வேகமாக ஓடி நிற்கலாம். இவற்றை விட்டுவிடுகிறேன். உலகில் அதிகம் பேரைப் பிடித்திருப்பதும், நம் வீடுகளில் சத்தமில்லாமல் இருப்பதும் ஒன்று உண்டு. டாக்டர்கள் அதை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பார்கள். நாம் மேலறை நடுக்கம் என்று வைத்துக்கொள்வோம்.

இதில் சைனஸ் முனையின் பேச்சை யாரும் கேட்பதில்லை. மேலறை முழுக்க அங்கங்கே மின்சாரம் கிளம்பி, நிமிடத்துக்கு 350க்கு மேல் துடிப்பு அலைகிறது. மேலறை சுருங்காது, நடுங்கும். நடு முனை தடுத்து நிறுத்தி முடிந்ததை மட்டும் கீழே அனுப்புகிறது. அதனால் நாடி ஒழுங்கில்லாமல் ஓடும். சிலருக்குப் படபடப்பு, மூச்சு வாங்குதல், அசதி இருக்கும். நிறையப் பேருக்கு ஒன்றுமே தெரியாது.

ஒன்றும் தெரியாவிட்டால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். மேலறை சுருங்காததால் இரத்தம் தேங்குகிறது. இடது மேலறையின் ஓரத்தில் காது மடல் போல ஒரு சிறு பை இருக்கிறது. தேங்கிய இரத்தம் அங்கே உறைந்து கட்டியாகும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். மேலறை நடுக்கம் உள்ளவருக்குப் பக்கவாத ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் பல்லாண்டு நடந்த ஆய்வு 1991ல் சொன்னது. அப்படி வரும் பக்கவாதம் சாதாரணமாகப் பெரியதாகவும் இருக்கும்.

என் தாய்மாமாவைப் பற்றிச் சொல்ல மாமியிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். மாமா இந்தக் கிள்ளானில் 26 வருடம் சாப்பாட்டுக் கடை நடத்தினார். இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் இருந்தன. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுபவர்தான். அவ்வப்போது நெஞ்சில் புறா சிறகடிப்பதுபோல இருக்கிறது என்பார். வீட்டில் எல்லாரும், "காத்துதான் மாமா, மாசோக் ஆஙின்" என்று சொல்லி மார்பில் தைலத்தைத் தேய்ப்பார்கள். அவரும் ஏப்பம் விட்டுவிட்டுக் கல்லாவில் போய் உட்கார்ந்துவிடுவார். 61 வயதில் ஒரு காலை நேரம், மீதிச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தபோது வலது கையிலிருந்து காசு நழுவியது. குனிந்து எடுக்கப் போனவரால் எழ முடியவில்லை, வாய் குழறியது. ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்தபோதுதான் மேலறை நடுக்கம் என்ற பெயரையே எங்கள் குடும்பம் முதன்முதலில் கேட்டது.

மாமா உயிரோடு இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். பேச்சு பாதி திரும்பியது. வலது கை திரும்பவில்லை. கடையைக் கைமாற்றிவிட்டார்கள். நூறு பேர் கணக்கை மனத்தில் வைத்திருந்த மனிதர், இப்போது பேரனின் பெயரைச் சொல்ல நேரம் எடுத்துக்கொள்கிறார். அந்தப் புறா சிறகடித்த ஒரு நாளில் யாராவது அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்திருந்தால் என்று மாமி கேட்பார். அந்தக் கேள்விதான் என்னை இந்த மேடைக்கு ஏற்றியது.

அதற்குப் பிறகு படிக்க ஆரம்பித்தேன். வியாபாரி என்பதால் முதலில் கணக்கைத்தான் தேடினேன். உலகம் முழுக்க 2010ல் மூன்றேகால் கோடிக்கு மேற்பட்டோருக்கு இந்த நடுக்கம் இருந்ததாக மதிப்பிட்டார்கள். 2019க்கு வந்தபோது மதிப்பு ஏறக்குறைய ஆறு கோடி. கணக்கிடும் முறையும் இடையில் மாறியிருக்கிறது, ஆனால் போகும் திசை தெளிவு. நம் நாட்டில் யுஐடிஎம் பல்கலைக்கழகத்தார் ரீடிஸ்கவர் என்ற ஆய்வில், 30 வயதைத் தாண்டிய பத்தாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு இசிஜி எடுத்துப் பார்த்தார்கள். 2016ல் வெளியான முடிவுப்படி சுமார் அரை விழுக்காட்டினருக்கு நடுக்கம் இருந்தது.

அரை விழுக்காடுதானே என்று தோன்றும். 30 வயதைத் தாண்டிய மலேசியர் ஒன்றரைக் கோடி என்று வைத்தால் 75 ஆயிரம் பேர். இது என் கடைக் கணக்கு, அரசாங்கக் கணக்கு இல்லை. மேலும் இந்த நடுக்கம் பலருக்கு வந்து வந்து போகும். ஒரு தடவை எடுக்கும் இசிஜி, அந்த நேரத்தில் இருந்தால்தான் பிடிக்கும். கடைக்கு வெளியே ஒரு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு, இன்று முழுக்க எத்தனை லாரி போனது என்று சொல்ல முடியுமா? அதனால் உண்மை எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

யாருக்கு வருகிறது? வயது முதல் காரணம். அதை யாரும் மாற்ற முடியாது. அடுத்து உயர் இரத்த அழுத்தம். அழுத்தம் கூடினால் மேலறைச் சுவர் இழுபட்டு, தடித்து, மின்சாரம் வழிதவறுகிறது. பிறகு இனிப்பு நீர், உடல் பருமன், தூக்கத்தில் மூச்சு அடைபடும் குறட்டை நோய், வால்வுக் கோளாறு, பழைய மாரடைப்பு, தைராய்டு மிகைச் சுரப்பு, புகை, மது. மது நம் சபையில் பேச வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். புகை பேச வேண்டும். சுராவ் வாசலில் தொழுகைக்கு முன் ஒன்று, பின் ஒன்று.

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், வயது வந்த மலேசியரில் 30 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம், 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் இனிப்பு நீர் 31 விழுக்காடு. நம்மை இந்தியர் கணக்கில் எழுதினார்களா மலாய்க்காரர் கணக்கில் எழுதினார்களா என்று கேட்காதீர்கள். ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒன்று தம்பிக்கு ஒன்று என்று பத்திரம் வைத்திருக்கும் சமுதாயம் நாம். பிரியாணி இரண்டு கணக்கிலும் சேரும். 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் இனிப்பு நீர் விகிதம் 15.6 ஆக இறங்கியிருக்கிறது, நல்ல செய்தி. ஆனால் அதே ஆய்வு, 18 முதல் 29 வயதுக்குள் இனிப்பு நீர் உள்ளவர்களில் 84 விழுக்காட்டினருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது என்கிறது. பாதிக்கு மேற்பட்டோர், 54.4 விழுக்காட்டினர், எடை கூடியவர்கள்.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் உள்ள தெற்காசியரைப் பார்த்தபோது, இனிப்பு நீரும் மாரடைப்பும் அதிகமாக இருந்தும், மேலறை நடுக்கம் வெள்ளைக்காரர்களைவிடக் குறைவாகவே பதிவாகியிருக்கிறது. ஏன் என்று இன்னும் விவாதிக்கிறார்கள். அப்படியானால் நமக்குக் கவலை இல்லையா? இருக்கிறது. நடுக்கம் வந்தவருக்குப் பக்கவாத ஆபத்து எவ்வளவு என்று டாக்டர்கள் புள்ளி போடுகிறார்கள். இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, இனிப்பு நீருக்கு ஒன்று, இருதயம் பலவீனப்பட்டிருந்தால் ஒன்று, இரத்தக்குழாய் நோய்க்கு ஒன்று, 65 வயதானால் ஒன்று, 75 ஆனால் இரண்டு, முன்பே பக்கவாதம் வந்திருந்தால் இரண்டு. ஆணுக்கு இரண்டு புள்ளி சேர்ந்தாலே இரத்தம் உறையாமல் இருக்க மருந்து வேண்டும் என்கிறார்கள். மாமாவுக்கு 61 வயதிலேயே இரண்டு புள்ளி கையில் இருந்தது. நம்மில் நடுக்கம் குறைவாக இருக்கலாம். வந்துவிட்டால் புள்ளி நமக்காகக் காத்திருக்கிறது.

நம் தொழிலையும் சேர்த்துப் பாருங்கள். 24 மணி நேரக் கடை. இரவு மூன்று மணிக்குக் கணக்கு முடித்து, நான்கு மணிக்குக் கடைசி தே தாரிக், சுபுஹு தொழுதுவிட்டுப் படுக்கை, பத்து மணிக்கு மார்க்கெட். மனைவிமார்கள் குறட்டையைப் பற்றிச் சிரித்துப் பேசுவார்கள். குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று, திணறி மீண்டும் வந்தால் அது சிரிக்கிற விஷயம் இல்லை, டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம். எடை குறைந்தால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த ஓர் ஆய்வு பதில் சொல்கிறது. நடுக்கம் உள்ள பருமனானவர்களில், உடல் எடையில் பத்து விழுக்காடோ அதற்கு மேலோ குறைத்தவர்கள் நடுக்கமின்றி இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு கூடியது. நூறு கிலோ மனிதருக்குப் பத்து கிலோ. வில்லை எழுதித் தருவதைவிடக் கஷ்டம்தான்.

மருந்துக்கு வருகிறேன். இங்கேதான் நம் வீடுகளில் குழப்பம் அதிகம். இரத்தம் உறையாமல் காக்கும் பழைய மருந்து வார்ஃபரின். அமெரிக்காவின் விஸ்கான்சினில் முதலில் எலி மருந்தாக வந்தது. 1954ல் மனிதருக்கு அனுமதித்தார்கள். மறுவருடம் மாரடைப்பு வந்த அதிபர் ஐசன்ஹோவருக்கே கொடுத்தார்கள். "எலி மருந்தையா எனக்குத் தருகிறார்கள்" என்று கோபித்துக்கொண்டு நிறுத்தியவர் எங்கள் தாமானில் உண்டு. அளவு சரியாக இருந்தால் மருந்து, அளவு தவறினால் ஆபத்து. அதனால்தான் ஐஎன்ஆர் என்ற இரத்தப் பரிசோதனை. பெரும்பாலோருக்கு அது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும். அரசாங்க மருத்துவமனைகளில் மருந்தாளர்களே நடத்தும் வார்ஃபரின் கிளினிக் இருக்கிறது. அவர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

கீரையே சாப்பிடக் கூடாது என்று சிலர் சொல்வது தவறு. கீரையில் உள்ள கே வைட்டமின் மருந்தின் வேகத்தைக் குறைக்கும், உண்மை. ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள் சாப்பிடுபவர் இரண்டு நாள் சாப்பிடட்டும். ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டு, ஊரிலிருந்து நன்னி வந்தார் என்று ஒரு வாரம் முருங்கைக்கீரையும் காங்கோங்குமாக இறங்குவதுதான் கெடுதல். நாட்டு மருந்து, மூலிகைக் கேப்சூல், மூட்டு வலி மாத்திரை எதுவானாலும் சொல்லாமல் சேர்க்காதீர்கள். ஆஸ்பிரின் இதற்கு மாற்று இல்லை.

பரிசோதனைத் தொல்லை இல்லாத புதிய மருந்துகள் 2010 முதல் வந்திருக்கின்றன. எல்லாருக்கும் ஆகாது, சிறு வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து வால்வு சுருங்கியவர்களுக்கு இன்றும் வார்ஃபரின்தான். சிறுநீரகத்தையும் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

நோன்பு மாதத்தில்தான் பலர் மருந்தைத் தாமாகவே நிறுத்துகிறார்கள். அதைக் கேட்கும்போது எனக்கு வயிறு கலங்கும். வார்ஃபரின் ஒரு வேளை மருந்து, நோன்பு திறந்த பிறகு எடுக்கலாம். புதிய மருந்துகளில் சில ஒரு வேளை, சில இரு வேளை. நம் நாடு பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் நோன்பு நேரம் எந்த வருடமும் பதின்மூன்றரை மணி நேரத்தை ஒட்டியே நிற்கிறது. சஹருக்கு ஒன்று, நோன்பு திறந்து ஒன்று என்று பலருக்கு இரு வேளை மருந்தும் பொருந்திவிடும். ஐரோப்பாவின் கோடை நோன்பு போல இல்லை. ஆனால் உங்களுக்கு எது என்பதை ஷஃபான் மாதத்திலேயே டாக்டரிடம் போய்க் கேட்டு முடிவு செய்யுங்கள். நோன்பு உங்களுக்கு ஆகாது என்று அவர் சொன்னால், நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை நம் உஸ்தாதிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். இரண்டு பேரிடமும் கேட்காமல் வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிக்கொள்வதுதான் வேண்டாம் என்கிறேன்.

இன்னொரு வயரிங் கோளாறு உண்டு. அது காத்திருக்காது. கீழறை நடுங்குவது. மாரடைப்பில் குழாய் அடைபட்டவுடன், இரத்தம் கிடைக்காத தசையிலிருந்து மின்சாரம் தாறுமாறாகக் கிளம்பும். கீழறை நடுங்கினால் உடம்புக்கு இரத்தமே போகாது, மனிதர் விழுந்துவிடுவார். "நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தார், அப்படியே சாஞ்சுட்டார்" என்று நாம் மையத்து வீடுகளில் கேட்பதில் பல இதுதான். 2020ல் மருத்துவர் சான்றளித்த மரணங்களில் 17 விழுக்காடு இருதயக் குழாய் நோயால் என்று புள்ளிவிவரத் துறை சொன்னது. நம் சமுதாயத்துக்குத் தாள நோய் பெரும்பாலும் இந்தக் குழாய் வாசல் வழியாகத்தான் நுழைகிறது என்பது என் எண்ணம்.

2021 ஜூன் 12, யூரோ கிண்ணப் பந்தாட்டம். நமக்கு நள்ளிரவு, கடைகளில் உட்கார்ந்து பார்க்க முடியாத எம்சிஓ காலம், வீட்டில்தான் பார்த்தோம். டென்மார்க்கின் கிறிஸ்தியன் எரிக்சன் யாரும் மோதாமலே விழுந்தார். திடலிலேயே நெஞ்சை அழுத்தி, ஏஇடி கருவியால் மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். பிழைத்தார். உடம்புக்குள் ஒரு கருவி பொருத்திக்கொண்டு, 2022 பிப்ரவரியில் இங்கிலாந்தில் மறுபடியும் விளையாட இறங்கினார். அதிர்ச்சி கொடுக்க ஒவ்வொரு நிமிடம் தாமதமாகும்போதும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. ஜாலான் தெங்கு கிளானாவில் தீபாவளி நேர நெரிசலில் ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் வரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். 999ஐ அழைத்துவிட்டு, வரும்வரை நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டியது அருகில் நிற்பவர்தான். செம்பிறைச் சங்கமும் செயிண்ட் ஜான் ஆம்புலன்சும் இதைக் கற்றுத்தருகின்றன. ஏஇடி கருவி பேசும். மூடியைத் திறந்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அதுவே சொல்லும். அதிர்ச்சி தேவையில்லாதவருக்கு அது கொடுக்காது, பயப்பட வேண்டாம். விலை சில ஆயிரம் ரிங்கிட். பொன்விழாச் செலவுப் பட்டியலில் மேடை அலங்காரத்துக்குக் கீழே இதற்கு ஒரு வரி சேர்க்கச் செயலவையைக் கேட்டுக்கொள்கிறேன். மண்டபத்துக்கு ஒன்று போதும்.

நம் கடைகளில் வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரவு படுத்த இளைஞன் காலையில் எழவில்லை என்ற செய்தி வெளிநாட்டுத் தொழிலாளர் நடுவில் அவ்வப்போது வருகிறது. 1980களில் சிங்கப்பூரில் வேலை செய்த தாய்லாந்துக்காரர்கள் 200 பேருக்கு மேல் அப்படி இறந்தார்கள். பேய் அடித்தது என்றுகூடப் பேசினார்கள். 1992ல் புருகாடா என்ற ஸ்பெயின் நாட்டுச் சகோதரர்கள் இருவர், இசிஜியில் தனி அடையாளத்தோடு வரும் பரம்பரை மின்கோளாறு ஒன்றை விவரித்தார்கள். அந்த மரணங்களில் பலவற்றுக்கு அதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. தென்கிழக்காசியாவில் அது கூடுதல். காய்ச்சல் அதைத் தூண்டும். எல்லாத் தூக்க மரணமும் அதுவல்ல. ஆனால் காரணமில்லாமல் மயங்கி விழுந்த பையனை, அல்லது அண்ணனோ தகப்பனோ இளம் வயதில் திடீரென்று இறந்த குடும்பத்துப் பையனை, பனடோல் கொடுத்துத் திரும்ப மாவு பிசைய அனுப்பாதீர்கள். ஓர் இசிஜி எடுங்கள். ஜனாஸாவை ஊருக்கு அனுப்பும் செலவை வசூலிக்க நம் சங்கத்துக்கு நன்றாகத் தெரியும். ஓர் இசிஜிக்கு அதில் சிறு துளிகூட ஆகாது.

எங்கே போவது? அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட். 40 வயதைத் தாண்டிய, அரசாங்க உதவித்தொகை பெறும் குடும்பத்தினருக்கு பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை இருக்கிறது. நம்மில் தகுதியுள்ள பலர் போகவில்லை. கௌரவக் குறைச்சல் என்கிறார்கள். சிக்கலான தாளக் கோளாறுகளுக்கு 1992ல் தொடங்கிய தேசிய இருதயக் கழகம் ஜாலான் துன் ரசாக்கில் இருக்கிறது. வழிதவறிய மின்பாதையைக் குழாய் செலுத்திச் சுட்டு அடைக்கும் சிகிச்சையும் அங்கே உண்டு. வீட்டில் இரத்த அழுத்தக் கருவி வைத்திருப்பவர்கள், திரையில் ஒழுங்கற்ற நாடிக்கான இருதயக் குறி வருகிறதா என்று பாருங்கள். பல கருவிகளில் அது இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. கைக்கடிகாரம் வாங்கச் சொல்லவில்லை. நான் அதை விற்கவும் இல்லை.

இப்போது எல்லாரும் இடது கையை மல்லாக்க நீட்டுங்கள். வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும், பெருவிரல் பக்கமாக மணிக்கட்டில். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதன் துடிப்பே குழப்பும். முப்பது நொடி எண்ணுங்கள். எண்ணிக்கையைவிட நடையைக் கவனியுங்கள். ரெபானா தட்டும் பிள்ளை தாளம் தெரிந்து தட்டுகிறானா, கைக்கு வந்தபடி தட்டுகிறானா? மூச்சோடு சேர்ந்து சற்று ஏறி இறங்குவது சகஜம். இடையில் ஒன்று தவறுவதும் பெரும்பாலும் சகஜம். எந்த ஒழுங்கும் பிடிபடவில்லை என்றால் மட்டும், பின்பக்க மேசையில் தாதியர் இருவரும் இசிஜி கருவியும் காத்திருக்கிறார்கள்.

பக்கத்தில் இருக்கும் அத்தாவின் கையையும் பிடித்துப் பாருங்கள். அவராக நீட்டமாட்டார். பிரியாணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. மருத்துவக் கேள்விகளை டாக்டரிடம் கேளுங்கள். ஃபியூஸ் போனால் என்னிடம் வாருங்கள். வஸ்ஸலாம்.